கால்மாட்டில் ஒரு மெழுகுதிரி

அத்தியாயம் 9

இறந்தவர்களின் பக்கம் சனிக்கிழமை மூன்று மணிக்கு வெளியானது. ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்தப் பக்கத்திலிருந்த ஒரு பெண்ணிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது.

பெங்களூரின் காக்ஸ் டவுனில் மாமனார் ரெமிஜியஸின் வீட்டு முன்னறையில், இரண்டு மேசைகளும் ஒரு மடிக்கணினியுமாகப் பெர்னதெத் தொடங்கிய ‘மூன்று மணி’ என்ற பெண்கள் இணைய இதழுக்கு இது இரண்டாவது நவம்பர். சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்கு முன், ஒரு பெண்ணுக்கு அவளுடையதென்று மிஞ்சுகின்ற நேரம் அதுவே என்பதால் இதழுக்கு அந்தப் பெயர். நாள்தோறும் அந்த நேரத்துக்கே அது வெளிவந்தது.

இந்நகரத்துத் தமிழ்ப் பெண்களில் பலர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரியாது. ஆகவே அவர்கள் இதழின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் பேசி அனுப்புவார்கள். பெர்னதெத் அதைக் கேட்டு எழுத்தாக்குவாள். ஜீவனஹள்ளியிலிருந்து வேலைக்கு வரும் விஜி அதைப் பக்கத்தில் ஏற்றுவாள். பேசியவர்களின் முகத்தை இருவருமே பார்த்ததில்லை.

நவம்பர் இறந்தோருக்குரிய மாதம். வாசகிகள் தங்கள் வீட்டில் இறந்துபோன பெண்களின் படங்களை அனுப்ப, ‘நினைவு விளக்கு’ என்ற பக்கம் உருவாயிற்று. தன் வீட்டுப் பெண்களை விட்டுவிடுவது முறையன்று என்று பெர்னதெத் இரண்டு படங்களைச் சேர்த்தாள். ஒன்று, அவள் மருமகளாக வருவதற்கு முன்பே மறைந்துவிட்ட மாமியார் ஞானம்மாளுடையது. மற்றொன்று நாத்தனார் ஆஞ்சலாவுடையது. ஆஞ்சலா இளவயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்தவள். வடக்கே ஓர் ஊரில் காய்ச்சலில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவள். அவளுக்கு இங்கே கல்லறை இல்லாததால், கல்லறைத் திருநாளன்று ஞானம்மாளின் கால்மாட்டில் அவளுக்கென்று ஒரு மெழுகுதிரியை ஏற்றுவது வழக்கம். திருமணமான முதல் நவம்பரிலிருந்து அதை ஏற்றுகின்றவள் பெர்னதெத்.

குரல் செய்தியை முதலில் கேட்டவள் விஜி. பெர்னதெத் காப்பித் தம்ளருடன் முன்னறைக்கு வந்தபோது, அவள் கைப்பேசியை மேசை மேல் வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

“என்ன விஜி, ஞாயித்துக்கிழமை அதுவுமா இவ்ளோ சீக்கிரம்?”

“கமெண்ட் நெறைய வந்திருக்கும்னு வந்தேன்க்கா. முதல்ல நீங்க உக்காருங்க. தம்ளர கீழ வையுங்க.”

விஜி பொத்தானை அழுத்தினாள். நடுவயதுப் பெண்ணின் குரல். அவசரமில்லாத, சற்றே கரகரத்த குரல்.

“மூணு மணிக்காரங்களுக்கு வணக்கம். நேத்து போட்ட பக்கம் பார்த்தேன். மூணாவது வரிசையில கடைசியா இருக்கற பொண்ணு நான்தான். போட்டோவ ஓரத்துல வெட்டிட்டீங்க. என் தம்பி என் கையப் புடிச்சிட்டு நின்னுட்டிருந்தான். அவன் விரல் மட்டும் மிச்சம் இருக்கு, பாருங்க. நிக்கமாட்டேன்னு அழுதான். ஒரு மிட்டாய் குடுத்தேன். அது அவனோட இன்னொரு கையில இருந்திச்சு. சொல்லணும்னு தோணிச்சு. வேற ஒண்ணும் இல்ல.”

இந்நகரத்துப் பெண்கள் அனுப்புகின்ற எந்தக் குரல் செய்தியும் தனியாக வருவதில்லை. குக்கரின் விசில், ஆட்டோவின் இரைச்சல், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி என்று ஏதாவதொன்று கூடவே வரும். இதில் எதுவும் இல்லை. பேச்சு நின்ற பிறகும் பதிவு சிறிது நேரம் ஓடியது. அந்த நேரத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பெர்னதெத் மடிக்கணினியில் படத்தைப் பெரிதாக்கினாள். வெள்ளைச் சேலையில், மடத்துக்குப் புறப்படும் நாளன்று எடுத்த ஆஞ்சலாவின் படம். மணிக்கட்டருகே சேலையின் மடிப்பென்று அவள் எண்ணியிருந்த இடத்தில் மூன்று சிறு விரல்கள் இருந்தன.

அலமாரியிலிருந்து ஆல்பத்தை எடுத்து வந்தாள். வெட்டப்படாத படத்தில், அழுது வீங்கிய முகத்துடன் ஒரு பையன் அக்காவின் கையைப் பற்றிக்கொண்டு நின்றான். அந்தப் பையன்தான் பெர்னதெத்தின் கணவன் ஓஸ்வால்ட். அவனுடைய மறு கையில், முனை முறுக்கிய காகிதத்தில் ஒரு மிட்டாய்.

“யாராச்சும் ஏஐ வெச்சி பண்ணிருப்பாங்களாக்கா?” என்றாள் விஜி.

“ஏஐக்கு மிட்டாய் எப்படித் தெரியும்?”

“அதான் எனக்கும் பேஜாரா இருக்கு. அசிங்கமா கமெண்ட் போட்டா அழிக்கலாம். கட்சிக்காரங்க வந்தா பிளாக் பண்ணலாம். செத்தவங்க வந்தா என்ன பண்றதுன்னு நம்ம ரூல்ஸ்ல இல்லயேக்கா.”

“விளையாடாத.”

“விளையாடல. பயமா இருக்கு. அதான் பேசிட்டே இருக்கேன்.”

பெர்னதெத் அந்த எண்ணை அழைத்தாள். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறையும் அப்படியே.

“எடுக்கலன்னா விடுங்கக்கா. படத்த சத்தமில்லாம தூக்கிடலாம்.”

“தூக்கினா?”

விஜிக்குப் பதில் தெரியும். முன்பு ஒருமுறை, சர்க்கரை நோயாளிகளுக்கான குறிப்பில் வெந்தயத்தின் அளவு தவறாக வெளியாகிவிட்டது. அன்றும் அவள் இதையேதான் சொன்னாள். “சத்தமில்லாம மாத்தினா, காலையில படிச்சவங்க தப்பையே நம்பிட்டு இருப்பாங்க” என்று சொல்லிவிட்டு, பெர்னதெத் பக்கத்தின் தலைமாட்டில் கட்டம் கட்டித் திருத்தம் போட்டாள். தவறு தெரிந்த நாளிலேயே திருத்தம் வரும் என்பது அன்றிலிருந்து இதழின் விதி. வாசகிகள் ‘மூன்று மணி’யை நம்பத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான்.

“முதல்ல அவரக் கேக்கறேன்” என்று பெர்னதெத் எழுந்தாள்.

ஓஸ்வால்ட் பின்கட்டில், கல்லறைக்கு அடிப்பதற்காக வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தான். பெர்னதெத் எதுவும் சொல்லாமல் கைப்பேசியை அவன் காதருகே பிடித்து அழுத்தினாள்.

முதல் வாக்கியத்திலேயே அவனுடைய கை நின்றுவிட்டது. செய்தி முடிந்தது. முடிந்த பிறகும் அவன் வாளியிலிருந்து கையை எடுக்கவில்லை. முழங்கை வரை வெள்ளையாக, அப்படியே குனிந்து நின்றான்.

“இன்னொரு தரம் போடவா?”

“வேணாம்.”

“யாருங்க இது?”

“யாரோ விளையாடறாங்க, பெர்னி. அழிச்சுடு.”

அவள் திரும்பி நடந்தாள். கதவை அடைவதற்குள் அவன் குரல் வந்தது.

“எந்த ஊர்லேர்ந்து பேசறாங்கன்னு சொன்னாங்களா?”

பெர்னதெத் நின்றாள். “செத்தவங்க எந்த ஊர்லேர்ந்து பேசுவாங்க?”

அவன் கையைக் கழுவத் தொடங்கினான். சுண்ணாம்பு போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தான். “அப்பாகிட்ட சொல்லாத. கல்லறைக்குப் போய்ட்டு வந்துடட்டும்.”

அன்று மூன்று மணிக்கு இதழ் வெளிவந்தது; ஆனால் திருத்தம் எதுவும் அதில் இல்லை. எதைத் திருத்துவதென்று பெர்னதெத்துக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. தெரியாததை எழுதுவதில்லை என்பது அவளுடைய மற்றொரு விதி.

அன்று கல்லறைத் திருநாள். கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் சாமந்தியும் மெழுகுதிரியும் விற்பவர்கள் சாலை வரை கடை விரித்திருந்தார்கள். மழை வருமென்று வானம் இருண்டிருந்ததால், மாலை நான்கு மணிக்கே கல்லறைகள் மீது எரிந்த சுடர்கள் எடுப்பாகத் தெரிந்தன. ரெமிஜியஸ் எப்போதும்போல் முன்னால் நடந்தார். எண்பது வயதிலும் முதுகு வளையாதவர். காலணிகளைத் தாமே துடைத்துப் பளபளப்பாக வைத்துக்கொள்பவர். யார் கல்லறை எங்கே என்று கேட்பவர்களுக்கு அவரே வழி சொல்வார்.

அவர் சட்டென்று நின்றார். பின்னால் வந்த ஓஸ்வால்டின் வாளி அவர் காலில் இடித்தது.

ஞானம்மாளின் கால்மாட்டில் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. ஆண்டுதோறும் ஆஞ்சலாவுக்கென்று ஏற்றுகின்ற, கல் சற்றே பெயர்ந்த அதே மூலையில். வாசலில் விற்கின்ற மெல்லிய திரி அன்று. பீடத்தில் வைப்பதுபோன்ற தடித்த வெள்ளைத் திரி; பாதி வரை உருகியிருந்தது. கல்லைச் சுற்றிலும் புல் பிடுங்கப்பட்டிருந்தது. தலைமாட்டில் ஒரு பூக்கூட இல்லை. வந்தவர் கால்மாட்டுக்கு மட்டுமே வந்திருந்தார்.

“யார் ஏத்தினது?” என்றார் ரெமிஜியஸ்.

பக்கத்துக் கல்லறையில் பூ அடுக்கிக்கொண்டிருந்த கிளெமென்ட் நிமிர்ந்தார். அதே தெருக்காரர். “நாங்க வரும்போதே எரிஞ்சிட்டிருந்திச்சு அங்கிள். உங்க வீட்டாளுங்கதான்னு நெனச்சோம்.”

“யாரப் பார்த்தே?”

“யாரையும் பாக்கல. கேண்டில் மட்டும்தான் இருந்திச்சு.”

ரெமிஜியஸ் குனிந்தார். கட்டை விரலாலும் சுட்டு விரலாலும் சுடரைக் கிள்ளி அணைத்தார். சுட்டதாக அவர் முகத்தில் ஒரு குறியும் இல்லை. புகை நேராக எழுந்தது. காற்று இருந்தும் கலையாமல் அவர் மார்பளவு வரை எழுந்து, பிறகே கலைந்தது.

“நம்மளுத ஏத்தும்மா” என்றார் பெர்னதெத்திடம்.

அவள் திரியை எடுத்தாள். தீப்பெட்டியைத் திறந்தாள். இரண்டு வரிசை தள்ளி, குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கையில் எடுத்த குச்சியை அவள் உரசவில்லை.

“யாருக்கு மாமா?”

“என்ன கேள்வி இது? ஆஞ்சலாவுக்கு.”

“அவங்க செத்துட்டாங்களா?”

கிளெமென்டின் வீட்டார் பூ அடுக்குவதை நிறுத்திவிட்டார்கள். ரெமிஜியஸ் மருமகளைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தார். குருவானவர் வந்து தீர்த்தம் தெளித்தார். நீர்த்துளி பட்டு, அணைந்த திரி சிணுங்கியது. கண்களை மூடி, எல்லாருடனும் சேர்ந்து, ரெமிஜியஸ் உரத்த குரலில் மன்றாட்டைச் சொன்னார். ஆண்டுதோறும் தவறாமல் சொல்லும் மகளின் பெயரை இம்முறை சொல்லவில்லை.

வீடு திரும்பி முன்னறைக்குள் நுழைந்ததும், வேலையிலிருந்த விஜியின் நாற்காலிக்கு எதிரே ரெமிஜியஸ் நின்றார். விஜி எழுந்து சமையலறைப் பக்கம் போகப் பார்த்தாள்.

“நீ இரு. நீயும் கேளு. உங்க ரெண்டு பேருக்கும் சேத்துதான் சொல்றேன்.”

பெர்னதெத் செய்தியை அவருக்குப் போட்டுக் காட்ட முற்பட்டாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். “தேவையில்ல. எவளோ பேசினத நான் எதுக்குக் கேக்கணும்? எம்பொண்ணு செத்துட்டா. மூணு நாள் ஜுரம். மடத்துக்குப் பின்னால ஒரு வேப்பமரம் இருக்கு. அதுக்குக் கீழதான் வெச்சாங்க. தலைமாட்டுல மரச்சிலுவை. வெள்ளை ரோஜா போட்டாங்க. மதர் சுப்பீரியர் என் கையப் புடிச்சிட்டு, ‘சிரிச்சிட்டே போனா’ன்னு சொன்னாங்க. மண்ணு செம்மண்ணு. என் ஷூவுல ஒட்டிக்கிச்சு. ட்ரெயின்ல வந்து சேர்ற வரைக்கும் தொடைக்கல.”

அவர் குரலில் தடுமாற்றமில்லை. கண்ணால் கண்டவர் சொல்வதுபோலவே சொன்னார். விஜி தன் துப்பட்டாவின் நுனியை வாயருகே பிடித்துக்கொண்டாள்.

“அப்பா” என்றான் ஓஸ்வால்ட். “நீங்க அங்க போகவே இல்லயே.”

ரெமிஜியஸ் திரும்பினார்.

“அந்த வாரம் பூரா நீங்க உங்க ரூம்ல கதவ சாத்திட்டு இருந்தீங்க. நான்தான் சாப்பாட்டுத் தட்டு கொண்டாந்து வாசல்ல வெச்சேன். ட்ரெயின் எதுவும் இல்லப்பா. மரமும் இல்ல.”

“நீ சின்னப் பையன். உனக்கு என்ன தெரியும்?”

“தட்டு வெச்சது தெரியும்.”

கிழவர் மகனை நெடுநேரம் பார்த்தார். அவர் பார்வையில் கோபமில்லை. அறிமுகமில்லாதவன் தன் வீட்டுக்குள் வந்துவிட்டானோ என்று ஐயுறுகின்ற பார்வை அது. பிறகு பெர்னதெத்திடம் திரும்பினார்.

“படத்த எடுத்துடு. எதுவும் எழுதாத. எழுதினா நாளைக்கு இந்த மேசை ரெண்டும் தெருவுல இருக்கும்.”

அவர் தம் அறைக்குள் போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

ஓஸ்வால்ட் கதவைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் சொன்னான். “மடத்துக்குப் போற அன்னிக்கி அப்பா தெருவுக்கே பிரியாணி போட்டாரு. சர்ச்ல பேர் சொல்லி வாழ்த்தினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சி பக்கத்து வீட்டுக்கு மடத்துலேர்ந்து போன் வந்திச்சு. போய்ப் பேசிட்டு வந்து, ஆஞ்சலா போய்ட்டான்னாரு. அம்மா அழவே இல்ல. ராத்திரி என்கிட்ட மட்டும், ‘மடத்த விட்டு வெளிய வந்துட்டாடா, அவ்ளோதான்’னு சொன்னாங்க. அதுக்குள்ள தெருவே வந்து அழுதுட்டுப் போயிடுச்சு. அவ்ளோ பேர் அழுதப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?”

“என்கிட்ட?”

“உன்கிட்ட சொல்லிருக்கணும்.”

“வருஷா வருஷம் முட்டி போட்டு, உயிரோட இருக்கறவங்க ஆத்துமாவுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன். நீங்க பக்கத்துல நின்னு கேண்டில் அணையாம கைய வெச்சிப் புடிச்சீங்க.”

அவன் தலை குனிந்தான். அதற்கு மேல் பெர்னதெத் அவனை எதுவும் கேட்கவில்லை. அதற்கு வேறு நாள் வரும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

விஜிதான் பேச்சைத் தொடங்கினாள். “அக்கா, ஒண்ணு சொல்லட்டா. அவங்க திருத்தம் போடச் சொல்லல. விரல் இருக்கு, மிட்டாய் இருந்திச்சுன்னு மட்டும்தான் சொன்னாங்க. செத்தவங்களாவே இருந்துட்டுப் போறேன்னு நெனச்சிருந்தா?”

பெர்னதெத் இதை எண்ணியிருக்கவில்லை. அவள் கைப்பேசியை எடுத்து, ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். “நான் ஓஸ்வால்டோட மனைவி பெர்னதெத் பேசறேன். நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எங்க பத்திரிகையில போடலாமா? உங்க சம்மதம் இல்லாம போடமாட்டேன்.”

செய்தி போயிற்று. பதிலுக்காக மூவரும் காத்திருந்தார்கள். மழை தொடங்கி, முன்னறையின் ஜன்னல் கண்ணாடியில் வழிந்தது. உள்ளறையிலிருந்து எந்த ஓசையும் இல்லை.

பதில் வந்தது. ஒரே சொல். “போடுங்க.”

அவள் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். மேசைகள் நாளை எங்கே இருக்கும் என்று நினைத்தாள். விஜியின் சம்பளத்தை நினைத்தாள். நாள்தோறும் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கின்ற, முகமறியாத பெண்களை நினைத்தாள். விரல்கள் நிற்கவில்லை.

*திருத்தம்: நேற்றைய ‘நினைவு விளக்கு’ப் பக்கத்தில், மூன்றாவது வரிசையின் இறுதியில், ஆஞ்சலா என்பவர் இறந்தவராகக் காட்டப்பட்டிருந்தார். அவர் இறக்கவில்லை. அவர் ஆசிரியரின் நாத்தனார். இத்தவறு எங்கள் வீட்டில் நிகழ்ந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.*

“‘எங்கள் வீட்டில்’னு வேணுமாக்கா?” என்றாள் விஜி.

“வேற எங்க நடந்திச்சு?”

விஜி கட்டம் கட்டி, பக்கத்தின் தலைமாட்டில் ஏற்றினாள். மூன்றாவது வரிசையின் கடைசிச் சதுரம் வெறுமையாயிற்று. அவ்விடத்தை வேறு படத்தால் நிரப்ப வேண்டாமென்று பெர்னதெத் சொல்லிவிட்டாள்.

பின்னூட்டங்கள் உடனே வரத் தொடங்கின. ‘உயிரோட இருக்கறவங்கள கொன்னுட்டு சாரியா’ என்று ஒருத்தி. ‘எங்க மாமியார் பத்தியும் ஒரு திருத்தம் போடணும், தனியா பேசறேன்’ என்று மற்றொருத்தி. விஜி சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள், குரல் செய்திகள் வரத் தொடங்கிவிட்டன.

முதலாவது, சந்தாபுராவிலிருந்து. “எங்க வீட்டுலயும் என் போட்டோவுக்கு மாலை போட்டிருக்காங்க. நான் வேற சாதியில கட்டிக்கிட்டேன். நானும் இருக்கேன். அத மட்டும் போடுங்க.” அடுத்தது பீன்யாவிலிருந்து, பின்னணியில் இயந்திரங்களின் இரைச்சல். “மேடம், என் பேரும்கூட. எனக்குக் காரியமே பண்ணிட்டாங்க.” மூன்றாவதில் நீண்ட பேச்சு இல்லை. ஒரு பெண் தொண்டையைச் செருமிவிட்டு, “நானும்” என்றாள். அவ்வளவுதான்.

விஜி கைப்பேசியை மேசை மேல் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்த பிறகும் அது மரப்பலகையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. “எத்தன பேருக்கா இப்படி” என்று முணுமுணுத்தாள். “நம்ம பக்கத்தப் படிக்கறதே இவங்கதானா?”

பெர்னதெத் அதை நிமிர்த்தி எடுத்தாள். ஆஞ்சலாவின் எண்ணைத் தேடி, அதை அவள் பெயரில் சேமித்துவிட்டு, பொத்தானை அழுத்திப் பேசினாள்.

“போட்டாச்சு, அக்கா. அக்கான்னு கூப்பிடலாம் இல்ல? கல்லறைக்கு வந்து கேண்டில் ஏத்தினீங்களே, அப்படியே வீட்டுக்கும் வந்திருக்கலாம்.”

பதில் விரைவாக வந்தது. அவள் ஒலியைக் கூட்டிப் போட்டாள். மழையை மீறி அந்தக் குரல் முன்னறை முழுவதும் கேட்டது.

“என்ன கேண்டில்? நான் பெங்களூர்ல இல்லயேம்மா. மடத்துக்குப் போன அன்னிக்கி அந்த ஊர விட்டவதான். அப்புறம் ஒரு தடவகூட வரல. எங்க ஏத்தினாங்க? யாரு ஏத்தினது?”

உள்ளறையின் தாழ்ப்பாள் விலகியது.

ரெமிஜியஸ் நிலையில் நின்றார். கல்லறைக்குப் போட்டுப் போன காலணிகளை இன்னும் கழற்றவில்லை. அவர் யாரையும் பார்க்கவில்லை. கைப்பேசியை மட்டுமே பார்த்தார்.

“இன்னொரு தரம் போடு.”

பெர்னதெத் போட்டாள். அவர் தலையைச் சற்றே சாய்த்து, இறுதிச் சொல் வரை கேட்டார்.

“இது ஆஞ்சலா இல்ல” என்றார்.

“அப்பா.”

“எம்பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா? கீச்சுன்னு இருக்கும். தெருக்கோடி வரைக்கும் கேக்கும்.” அவர் ஓர் அடி முன்னால் வந்தார். “இது உங்கம்மா.”

ஓஸ்வால்ட் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். காலையில் அவன் வாளியிலிருந்து கையை எடுக்காமல் நின்றது எதற்கென்று பெர்னதெத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அது அவள் கேட்டிராத குரல். அவர்கள் இருவரும் மறந்திராத குரல். வீட்டை விட்டுப் போன மகள், எங்கோ ஓர் ஊரில், தாயின் வயதை அடைந்து, தாயின் குரலையும் அடைந்துவிட்டாள்.

“அம்மா இல்லப்பா. அக்காவுக்கு இப்ப அம்மா வயசு” என்றான் ஓஸ்வால்ட். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பெர்னதெத் ஆஞ்சலாவுக்குப் பதில் சொல்வதற்காகப் பொத்தானை அழுத்தியிருந்தாள். என்ன சொல்வதென்று தோன்றாமல் அப்படியே பிடித்திருந்தாள். திரையில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ரெமிஜியஸ் விஜியின் நாற்காலியை இழுத்து, மருமகளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் கையிலிருந்த கைப்பேசியின் பக்கமாகக் குனிந்தார். அவருடைய கட்டை விரலில் மெழுகு காய்ந்து ஒட்டியிருந்தது.

“ஞானம்மா” என்றார். அந்த வீட்டில் அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. “கேண்டில் நீயா ஏத்தின? நான்தான் அணைச்சேன். நீ ஏத்தினதுன்னு தெரியாது. கோவிச்சுக்காத.”

விஜி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

“அவ செத்துட்டான்னு நான் சொன்னப்ப, நீ ஒரு வார்த்த பேசல. உனக்குத் தெரியும் இல்ல? அவ எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும். என்கிட்ட மட்டும் சொல்லு. எங்க இருக்கா எம்பொண்ணு?”

அவர் காத்திருந்தார். பதில் வரும் என்று முழுமையாக நம்புகின்றவர் காத்திருப்பதுபோலக் காத்திருந்தார்.

விரலைப் பக்கவாட்டில் இழுத்தால் பதிவு அழிந்துவிடும், யாருக்கும் தெரியாது. விரலை எடுத்தால் அது ஆஞ்சலாவுக்குப் போய்விடும். பெர்னதெத் கணவனைப் பார்த்தாள். அவன் தலையை அசைக்கவில்லை, மறுக்கவும் இல்லை.

அவள் விரலை எடுத்தாள்.

இரண்டு குறிகள் விழுந்தன. சிறிது நேரத்தில் அவை நீலமாயின. பிறகு, ஆஞ்சலாவின் பெயருக்குக் கீழே, மறுமுனையில் யாரோ பேசிப் பதிந்துகொண்டிருப்பதாகத் திரை காட்டியது. அது நெடுநேரம் அப்படியே காட்டிக்கொண்டிருந்தது. கிழவர் கைப்பேசியை நோக்கிக் காதைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார்.